சுண்ணத்தில் எழுந்த அரண்மனை

மதுரைப் புனித மரியன்னை பேராலயத்தில் திருப்பலி கண்டு புறப்படுவோர், சில நிமிட நடையில் திருமலை நாயக்கர் மகாலை அடைந்துவிடலாம். அண்மையில் நாமும் அவ்வாறே சென்றோம்.

1636ஆம் ஆண்டில் எழுந்தது இவ்வரண்மனை. தத்துவ போதகர் என நாம் போற்றும் இராபர்ட் தெ நோபிலி அடிகளார் இந்நகரில் மறைப்பணி ஆற்றிவந்த காலம் அது. இன்று எஞ்சி நிற்பன சொர்க்க விலாசமும் நாடகசாலையும் மட்டுமே. மன்னரின் பெயரர் சொக்கநாதர், திருச்சிராப்பள்ளியில் அரண்மனை அமைப்பதற்காக ஏனையவற்றைப் பிரித்தெடுத்தார் என்பர். இடிந்து கிடந்த மிச்சத்தைச் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு (1866-1872) பழுதுபார்க்கச் செய்தார். பின்னர் நீண்ட காலம் நீதிமன்றங்கள் இதில் நடைபெற்றன. வழக்காட வந்தோரின் ஆரவாரமே இதனைக் காத்தது என்று கூடச் சொல்லலாம்!

முற்றத்தைச் சூழ்ந்த தூண்கள் ஏறத்தாழ 40 அடி உயரம். தழுவ இருவர் கைகள் போதா. அவற்றை இணைக்கும் இலைவடிவ வளைவுகள் செங்கல்லால் ஆனவை. அனைத்தின்மேலும் சுண்ணச்சாந்து. சுண்ணாம்பை நன்கரைத்து, முட்டையின் வெண்கருவும் கூட்டி இழைத்த பூச்சு அது. ஆளுயரத்திற்கு மேலே அது இன்றும் வழவழப்பாக இருக்கிறது. கீழேயோ, ஆணியால் கீறிய பெயர்கள்! அவற்றுள் நம்மவரின் திருமுழுக்குப் பெயர்களும் உள என்பதை வெட்கத்துடன் எழுதுகிறோம்.