கண்ணில் தூசி விழுந்த அன்றே

பெரியாறு அணையின் நீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. கதிர் முற்றி அறுவடை நடக்கும் வாரங்களில், ஒரு கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரைக் காண்கிறோம். "தூசிதான் விழுந்துச்சு டாக்டர், ஒரு வாரமா உறுத்துது" என்பார்கள். தூசி விழுந்ததைவிட, அந்த ஒரு வாரம்தான் எங்களுக்குக் கவலை தருகிறது.

கண் நலம் பற்றிய கட்டுரை என்றதும் முருங்கைக்கீரையையும் கைப்பேசியையும் வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். அவையும் வேண்டியவையே. ஆனால் வயலும் திராட்சைப் பந்தலும் ஏலத்தோட்டமுமாக வாழும் நம் பகுதியில், கண்ணில் ஏதேனும் பட்ட முதல் நாளில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதுமே பல பார்வைகளைத் தீர்மானிக்கின்றன.

கருவிழி என்பது கண்ணின் முன்புறம் உள்ள ஒளி ஊடுருவும் படலம். அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவேதான் அது தெளிவாக இருக்கிறது. மேல்தோல் முழுமையாக உள்ளவரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய இயலாது. நெல்லின் சுணை, கரும்புச் சோகை, பந்தலில் கவாத்துச் செய்யும்போது தெறிக்கும் குச்சி ஆகியவை அந்த மேல்தோலைக் கீறிவிடும். சிறு கீறல்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆறாதவற்றில்தான் சிக்கல். இலைதழைகளிலும் மண்ணிலும் இயல்பாகவே பூஞ்சைகள் வாழ்கின்றன. கீறலின் வழியே அவை உள்ளே சென்றால் மெதுவாக வளரும். முதல் சில நாட்களில் வலிகூடப் பெரிதாக இராது. பிறகு கண் சிவக்கும், ஒளியைக் காணக் கூசும், கருவிழியில் வெண்புள்ளி தோன்றும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். ஊரில் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தழும்பைத்தான்.

இது எவ்வளவு பரவலானது என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. தேனி தனி மாவட்டமாவதற்கு முன், 1993-இல், அன்றைய மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டானதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு பகுதியில் கண்ட அளவைப் போல அது பத்து மடங்கு. 1994-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் மூன்று மாதங்களில் பதிவான 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களுள் 65 விழுக்காட்டினர் கண்ணில் அடிபட்டதை நினைவுகூர்ந்தனர். கிருமி வளர்ந்த மாதிரிகளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சம பங்கில் இருந்தன.

நேபாளத்தின் பக்தபூர் பகுதியில் நடந்த ஆய்வு நமக்கு நம்பிக்கை தருகிறது. கருவிழியில் கீறல் பட்டவர்களுக்கு ஊர்ப் பணியாளர்களே நுண்ணுயிர் எதிர்ப்புக் களிம்பைச் சில நாட்கள் இட்டனர். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியவர்களுள் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. மதுரை மாவட்டச் சிற்றூர்களிலும் பின்னர் இதே வழியை முயன்று பார்த்தார்கள். அதனால்தான் 'அன்றே வாருங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கண் மருத்துவமனை தொலைவாக இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது அன்றே செல்லுங்கள்.

கண்ணில் ஏதேனும் விழுந்தால் கசக்காதீர்கள். கையைக் கழுவிவிட்டு, சுத்தமான குடிநீரால் கண்ணைத் திறந்து மூடி அலசுங்கள். வாய்க்கால் நீர் வேண்டாம். நாக்கால் தூசி எடுப்பது, முந்தானையைச் சுருட்டி எடுப்பது, தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ நந்தியாவட்டைச் சாறோ விடுவது ஆகியவற்றை அன்போடுதான் செய்கிறார்கள் என்பதை அறிவோம். எனினும் கீறிய கருவிழிக்கு இவை கிருமியைக் கொண்டு சேர்க்கும் வழிகள். கருவிழியில் குத்தி நிற்கும் துகளை வீட்டில் எடுக்க முயலாதீர்கள்.

இவற்றினும் தீங்கானது, மருந்துக்கடையில் 'சிவந்த கண்ணுக்கு' என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. விட்டதும் சிவப்பு வடியும், வலி தணியும். நலமாகிவிட்டது என்றே தோன்றும். உள்ளே பூஞ்சை தடையின்றிப் பெருகும். அண்டை வீட்டாருக்கு எழுதித் தந்த மருந்தையும் அவ்வாறே தவிர்க்க வேண்டும். பூஞ்சைப் புண்ணுக்கு நட்டாமைசின் போன்ற தனி மருந்து தேவை. தொடக்கத்தில் அதை மணிக்கொருமுறை விட நேரும். சிகிச்சை பல வாரங்கள் நீளும். அறுவடைக் கூலியை இழந்து அத்தனை வாரம் வீட்டிலிருப்பது எளிதன்று என்பதை நாங்கள் அறியாமலில்லை.

திராட்சைத் தோட்டத்திலும் ஏலத்தோட்டத்திலும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிப்போருக்கு ஒரு தனிச் சொல். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் அது ஆழமாக அரித்துக்கொண்டே போகும். மருத்துவமனைக்குப் புறப்படுமுன், நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் நீரால் கழுவ வேண்டும்; இமையின் உட்புறத்தில் ஒட்டிய துகளும் வெளியேற வேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டு 'முறிக்க' முயலக் கூடாது. கழுவத் தண்ணீர் கிடைக்காவிட்டால் மட்டும் கையில் கிடைக்கும் நல்ல நீர் எதுவாயினும் பயன்படுத்தலாம். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலமும் குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது.

மருந்து தெளிக்கும்போதும், கதிரடிக்கும் இயந்திரத்தருகே நிற்கும்போதும், வைக்கோல் கட்டும்போதும் காப்புக் கண்ணாடி அணியுங்கள். வியர்வையில் அது மங்கும் என்பது உண்மைதான், அவ்வப்போது துடைத்துக்கொள்ளலாம். வெறும் சாதாரணக் கண்ணாடிகூட ஒன்றும் இல்லாததைவிட மேல். ஆடிக் காற்றில் இருசக்கர வாகனம் ஓட்டுவோர் தலைக்கவசத்தின் முகமறைப்பை இறக்கிவிட்டாலே போதும்.

மற்றவை சுருக்கமாக: சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் நாள்தோறும் சிறிது நேரம் வெளியில் விளையாடட்டும். கீரை உண்ணுங்கள்.

எங்களிடம் வரும்போது அதுவரை கண்ணில் விட்ட எல்லா மருந்துப் புட்டிகளையும் கொண்டு வாருங்கள். நாட்டு மருந்து விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம். எந்த நாளில், எந்த வேலையில், என்ன பட்டது என்பதே எங்கள் முதல் கேள்வியாக இருக்கும்.