48 வோல்ட்டும் எங்கள் அப்பத்தாவும்

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் ஃபேன் ரிப்பேர் முதல் பேங்க் ஃபாரம் வரை எல்லாம் என் தலையில்தான். சென்ற வருடம் லீவில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு கன்டென்சர் மைக் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். எங்கள் அப்பத்தா நன்றாக நடவுப் பாட்டு பாடும். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, இரண்டு வரிக்கே மூச்சு வாங்குகிறது. இருக்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அடாப்டர் வயர் போட்டுக் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஒரு சத்தமும் இல்லை. "படிக்கிற புள்ளைக்கு ஒரு மைக்கப் போடத் தெரியலையாடா?" என்றார் அப்பா. கடைக்காரரோ விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் மைக்கில் ஒரு பழுதும் இல்லை.

மேடையில் கையில் பிடித்துப் பேசும் மைக் பெரும்பாலும் டைனமிக் வகை. காந்தத்துக்கு நடுவே உள்ள காயில் குரல் பட்டு அசையும், சிக்னல் தானே பிறக்கும். கன்டென்சர் மைக் அப்படியல்ல. அது நாம் படித்த கெபாசிட்டரேதான். ஒரு தகடு அசையாது. இன்னொன்று சில மைக்ரான் தடிமனே உள்ள சவ்வு. சத்தம் பட்டால் சவ்வு அசைந்து இடைவெளி மாறும், கெபாசிட்டன்ஸ் மாறும். சார்ஜ் அப்படியே இருப்பதால் வோல்டேஜ் மாறும். 1916-ல் அமெரிக்காவில் இ.சி.வென்டே உருவாக்கியது இது. தகட்டுக்குச் சார்ஜ் வேண்டும், மைக்குக்குள்ளேயே இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயருக்கும் பவர் வேண்டும். அதற்குத்தான் 48 வோல்ட் ஃபேன்டம் பவர். சிக்னல் வரும் அதே வயரிலேயே மறைந்து போவதால் பேயின் பெயர்! கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் கிடைப்பதோ சில வோல்ட்தான்.

(சட்டையில் குத்தும் மைக்கும் கன்டென்சர்தான். ஆனால் அது எலக்ட்ரெட் வகை. சவ்வு அல்லது தகட்டிலேயே நிரந்தரச் சார்ஜ் இருக்கும். 1962-ல் செஸ்லர், வெஸ்ட் இருவரும் கண்டுபிடித்தது. ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் ஒரு சின்ன பேட்டரி போதும்.)

எங்கள் ஊர் மைக் செட் அண்ணனிடம் ஒரு மிக்ஸர் இருந்தது. அதில் 48 வோல்ட் என்று ஒரு பட்டன். அழுத்திவிட்டு மல்டிமீட்டரில் கேபிள் முனையைப் பார்த்தேன். 1-ஆம் பின்னுக்கும் 2-க்கும் 48, 1-க்கும் 3-க்கும் 48. மைக்கைச் சொருகியதும் உயிர் வந்தது!

உயிர் வந்ததுதான் அடுத்த தொல்லை. சவ்வு அவ்வளவு லேசு. அப்பத்தா பாட்டோடு பஸ் ஹாரன், பக்கத்து வீட்டு கிரைண்டர், ஃபேன் எல்லாம் பதிவாகிவிட்டன. எங்களுடையது தொகுப்பு வீடு, வெறும் சுவர், எதிரொலி வேறு. ஆகவே வாங்கப் போகும் நண்பர்களுக்கு என் அபிப்பிராயம்: விலையைப் பார்க்கும் முன் அறையைப் பாருங்கள். சத்தமுள்ள இடம் என்றால் டைனமிக்கே மேல். கன்டென்சர்தான் வேண்டும் என்றால் கார்டியாய்டு வகை வாங்குங்கள். முன்பக்கம் நன்றாகக் கேட்கும், முதுகுப்பக்கம் மந்தம். அந்த முதுகை ரோட்டுப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு மறுபடி உட்கார்ந்தோம். சுவரில் ஜமுக்காளம், ஃபேன் ஆஃப். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி. கிட்டே போனால் அடித்தொண்டைச் சத்தம் அதிகமாகி குரல் கனத்துப் போகும். 'ப' வரும் இடமெல்லாம் காற்று டப் டப்பென்று அடிக்கும். அதற்குக் கம்பி வளையத்தில் பழைய நைலான் துணியை இழுத்துக் கட்டி முன்னால் வைத்தேன். லெவலை முக்கால் பங்குக்கு மேல் ஏற்றவில்லை.

பதினோரு நிமிடம் பாடியது. ஹெட்ஃபோனை அதன் காதில் மாட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "வெத்தல மெல்லுற சத்தமெல்லாம் கேக்குதேய்யா, அத மட்டும் எடுத்துரு" என்றது. நான் எடுக்கவில்லை.