நோய் நாட்களில் ஊருக்குச் செய்தி சொன்னவர் யார்?

2020ஆம் ஆண்டு மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகமெங்கும் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு கடந்ததும் நாடு முழுவதுமே ஊரடங்கிற்குள் சென்றது. அடுத்த நாள் காலையில் தூத்துக்குடி நகரத்துக் குடும்பத் தலைவி ஒருவருக்கு எழுந்த வினாக்கள் மிக எளியவை. பால் வருமா? காய்கறிக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும்? குடிநீர் என்று வரும்? கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள் இது. எங்கே கொண்டு செல்வது? இவ்வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் தில்லியில் இருப்போர் அல்லர், சென்னையில் இருப்போரும் அல்லர். நகரத்தின் ஆட்சி மன்றம், அதாவது மாநகராட்சியும் அதன் உறுப்பினர்களுமே விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் அன்று தூத்துக்குடியில் அத்தகைய மன்றமே இல்லை. இதனை நம் வாசகர்களுள் பலர் மறந்திருக்கக் கூடும். 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிவுற்றது. அந்த மாதமே நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று ரத்து செய்தது. அதன் பின்னர் நகர்ப்புறங்களில் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, 60 வார்டுகள் கொண்ட நம் மாநகரில் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர் கூட இல்லாமல், ஆணையாளரும் அவருக்குக் கீழுள்ள அலுவலர்களுமே ஆட்சி நடத்தி வந்தனர். பெருந்தொற்றின் முதல் அலையும் இரண்டாம் அலையும் இந்த இடைவெளியில்தான் வந்து சேர்ந்தன.

இதனால் அலுவலர்கள் கடமை தவறினர் என்று நாம் கூறவில்லை. தெருத்தெருவாகக் கிருமிநாசினி தெளித்தவர்களும், வீடுவீடாக வந்து காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்டுக் குறித்துக் கொண்ட பெண்களும், முகக்கவசம் அணிந்தும் அணியாமலும் குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர்களும் மாநகராட்சியைச் சேர்ந்தவர்களே. அவர்களுடைய உழைப்பின்றி நகரம் ஒரு வாரமும் தாங்கியிராது. நாம் கேட்பது வேறொன்று. ஓர் உத்தரவு பிறந்தால் அதனைத் தெருவில் இருப்போருக்கு விளக்கிச் சொல்பவர் யார்? தெருவில் ஒரு குறை பிறந்தால் அதனை மேலே கொண்டு செல்பவர் யார்?

செய்தி மேலிருந்து கீழே எவ்வாறு வந்தது என்பதைச் சற்று நினைவுபடுத்திப் பார்ப்போம். நாள்தோறும் மாலையில் சுகாதாரத் துறையின் அறிக்கை தொலைக்காட்சியில் வாசிக்கப்பட்டது. அதில் மாவட்டவாரியாக எண்ணிக்கை இருக்கும்; இத்தனை பேருக்குத் தொற்று, இத்தனை பேர் குணமடைந்தனர், இத்தனை பேர் இறந்தனர் என்று. மாவட்டத்தின் எண்ணிக்கை ஒரு குடும்பத்துக்கு அச்சத்தைத் தருமேயன்றி வழியைக் காட்டாது. தன் தெருவின் இரு முனைகளிலும் தகரம் வைத்து அடைக்கப்பட்டால், அந்த அடைப்பு எத்தனை நாளைக்கு, உள்ளே இருப்போருக்கு மருந்தும் மளிகையும் கொண்டு வருபவர் யார் என்பதே அக்குடும்பத்துக்கு வேண்டிய செய்தி. அது ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி வழியாகப் பாதியும், வாட்சாப் வழியாக மீதியும் வந்தது. வாட்சாப்பில் வந்ததில் உண்மை எது, பொய் எது என்று பிரித்தறிய ஒரு தனி வரம் வேண்டியிருந்தது.

இங்கே பழைய முறை ஒன்றையும் எண்ணிப் பார்ப்பது தகும். முன்னாளில் ஊராட்சியின் அறிவிப்பைத் தண்டோரா போட்டுத் தெரிவித்தார்கள். செய்தியை முகத்துக்கு நேரே கேட்டு, புரியாததைத் திருப்பிக் கேட்க முடிந்தது என்பது அதன் நன்மை. அந்தத் தொழிலை ஒரு சமூகத்தாரின் தலையில் மட்டும் சுமத்தி அவர்களை இழிவுபடுத்தியது அதன் தீமை. 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலாளர், இனித் தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கியைப் பயன்படுத்துங்கள் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது மிகவும் சரியே. ஆயினும் ஒலிபெருக்கி பேசும், கேட்காது. இந்தக் குறையை நிரப்ப வேண்டியவர்தாம் வார்டு உறுப்பினர்.

நகரத்தின் நிலை இதுவென்றால், கிராமங்களின் நிலை அன்று வேறாக இருந்தது. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் தமிழகத்தின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. தூத்துக்குடி மாவட்டமும் அவற்றுள் ஒன்று. எனவே பொறுப்பேற்று மூன்று மாதம் கூட நிறையாத ஊராட்சித் தலைவர்கள், கையில் போதிய அனுபவமோ நிதியோ இல்லாமலே இப்பெரும் சோதனையைச் சந்தித்தார்கள். இருந்தும் ஊருக்குள் ஒரு முகம் இருந்தது. ரேஷன் கடையில் 1,000 ரூபாய்க்கும் விலையில்லா அரிசி, சர்க்கரை, பருப்பு, எண்ணெய்க்கும் டோக்கன் கொடுக்கப்பட்ட 2020 ஏப்ரலில், டோக்கன் கிடைக்காத விதவைத் தாய் ஒருத்தி எவர் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று கிராமத்தில் அறிந்திருந்தாள். நகரத்தில் அவளைப் போன்றவள் எங்கே போய் நிற்பாள்?

நம் கடற்கரை ஊர்களைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை கடலோரம் நெடுகிலும் ஆலயத்து ஒலிபெருக்கி வழிபாட்டுக்கு மட்டும் உரியதன்று. காற்று பலமாக வீசப் போகிறது, கடலுக்குப் போகாதீர்கள் என்பதும், போன வள்ளம் ஒன்று இன்னும் கரை திரும்பவில்லை என்பதும் அதிலேதான் அறிவிக்கப்படும். ஆகவே நோய் நாட்களிலும் மக்கள் இயல்பாகவே அதற்குச் செவி சாய்த்தார்கள். அர்ச். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்த பின், கையில் மணியேந்தி வீதிகளில் நடந்து மக்களைக் கூட்டினார் என்பதை அவருடைய மடல்களே சொல்கின்றன. ஊரைக் கூட்டிச் செய்தி சொல்லும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று.

சொல்ல வேண்டிய செய்தியோ நாளுக்கு நாள் மாறியது. ஊரடங்கு தொடங்கியதும் கடலுக்குச் செல்வதும் நின்றது. ஏப்ரல் 10 அன்று மத்திய அரசு மீன்பிடித் தொழிலுக்கு விலக்கு அளித்தது. ஆனால் ஐந்தே நாட்களில், ஏப்ரல் 15 அன்று, கிழக்குக் கடற்கரையின் ஆண்டுத் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத் தொடங்கிவிட்டது. வழக்கமாக 61 நாட்கள் நீடிக்கும் அத்தடையை, அவ்வாண்டு மட்டும் மே 31உடன் முடியுமாறு 47 நாட்களாக அரசு குறைத்தது. நாட்டுப்படகுக்கு ஒரு விதி, விசைப்படகுக்கு ஒரு விதி. மீன் பிடிக்க அனுமதி, கரையில் கூட்டம் கூட அனுமதி இல்லை. பிடித்து வந்த மீனைக் கூட்டம் கூடாமல் எவ்வாறு ஏலம் கூவுவது? ஏலம் என்றாலே கூட்டம் அல்லவா? இதற்கு எந்த அரசாணையும் முழு விடை சொல்லவில்லை. ஊர்க்கமிட்டிகளும் சங்கங்களும் அலுவலர்களோடு பேசித்தான் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, நேரத்தைப் பிரித்து, ஒருவாறு தொழிலை நடத்த வேண்டியிருந்தது. உத்தரவை நடைமுறையாக மாற்றுவது உள்ளூர் மக்களின் அறிவே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே நாட்களில்தான் வெளிநாடுகளில் சிக்கிய நம் மக்களைச் சுமந்துகொண்டு கடற்படைக் கப்பல்கள் நம் துறைமுகத்துக்கு வந்தன. ‘ஐ.என்.எஸ். ஜலஷ்வா’ 2020 ஜூன் 2 அன்று கொழும்பிலிருந்து 685 பேரையும், ஜூன் 7 அன்று மாலத்தீவிலிருந்து சுமார் 700 பேரையும், ஜூலை 1 அன்று ஈரான் நாட்டின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரையும் கொண்டு வந்து சேர்த்தது. ஈரானிலிருந்து வந்தவர்களுள் பெரும் பகுதியினர் நம்மைப் போன்ற கடற்கரை ஊர்களைச் சேர்ந்த மீனவர்கள். கப்பல் வருகிறது என்றதும், நோயும் சேர்ந்து வருகிறதோ என்ற அச்சம் ஊரில் எழுவது இயல்பே. வந்தவர்களைத் துறைமுகத்திலேயே பரிசோதித்துப் பேருந்துகளில் அவரவர் மாவட்டத்துக்கு அனுப்பும் ஏற்பாடு முன்கூட்டியே விளக்கப்பட்ட இடங்களில் அச்சம் தணிந்தது. விளக்கம் எட்டாத இடத்தில், திரும்பி வந்த சகோதரனைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார்கள்.

விளக்கம் இல்லாத விதி எத்தகைய கொடுமைக்கும் கருவியாகிவிடும் என்பதற்கு நம் மாவட்டமே உலகத்தின் முன் தலைகுனிந்து நின்றது. சாத்தான்குளத்தில் செல்பேசிக் கடை நடத்தி வந்த ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் ஆகிய இருவரும், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்ற குற்றச்சாட்டின் பேரில் 2020 ஜூன் 19 அன்று காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகனும், 23 காலை தந்தையும் கோவில்பட்டியில் உயிர் நீத்தனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து இதனை விசாரிக்க எடுத்துக்கொண்டது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை காவலர்கள் மீது கொலை வழக்குத் தொடுத்தது. கடை அடைக்கும் நேரம் என்பது வணிகரும் ஊராட்சியும் கூடிப் பேசி, எழுதி ஒட்டி, தவறினால் என்ன அபராதம் என்று எல்லாருக்கும் தெரியச் செய்ய வேண்டிய சிறு காரியம். அது தடியின் கையில் போய்ச் சேர்ந்தபோது ஒரு குடும்பமே சிதைந்தது.

ஆலயங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 மார்ச்சில் மூடப்பட்ட கதவுகள் செப்டம்பர் 1 அன்றுதான் எங்கும் திறந்தன. 2021 ஏப்ரல் 26 முதல் மறுபடியும் மூடல். ஜூலை 5 அன்று திறப்பு. ஆகஸ்டில் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மூடல். அதுவும் அக்டோபர் 14 அன்று நீங்கியது. ஞாயிறு பூசைக்கு வரலாமா என்று கேட்பவர்களுக்குப் பங்குகளில் விடை சொல்வதே ஒரு வேலையாயிற்று. நம் மாநகராட்சி பிறந்தது 2008 ஆகஸ்டு 5, பனிமய மாதாவின் திருநாளன்று. அதே திருநாள் 2020இலும் 2021இலும் மக்கள் கூட்டமின்றி நடந்தேறியது. தேரோடும் வீதி வெறிச்சோடிக் கிடந்ததைக் கண்ட முதியவர்களின் கண்ணீரை எளிதில் மறக்க இயலாது. 1576இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கி மக்கள் வீட்டுக்குள் அடைபட்டபோது, அர்ச். சார்லஸ் பொரோமேயு தெருச் சந்திகளில் பீடம் அமைத்து, சன்னல் வழியே பூசை காணச் செய்தார். நாளொன்றுக்குப் பலமுறை மணியடித்து, வீட்டிலிருந்தபடியே அனைவரும் செபிக்க ஏற்பாடு செய்தார். நம் நாளில் அந்தச் சன்னல் செல்பேசித் திரையாயிற்று.

அண்டை மாநிலமாகிய கேரளத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கு நல்லது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி, நகராட்சி மன்றங்கள் செயலில் இருந்தன. ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே அவை குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் துணையோடு சமுதாயச் சமையற்கூடங்களைத் திறந்தன. வார்டு தோறும் ஒரு குழு அமைத்து, தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு உணவும் மருந்தும் சேர்த்தன. அங்கும் நோய் பரவியது. அங்கும் மக்கள் இறந்தனர். எனினும் எவரிடம் கேட்பது என்ற திகைப்பு அங்கே குறைவாக இருந்தது.

இத்தகைய மன்றத்தின் அருமை தூத்துக்குடிக்குத் தெரியாததன்று. 1866இலேயே நகராட்சி கண்ட ஊர் இது. நம் குலத்தில் தோன்றிய ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து ஐந்து முறை நகராட்சித் தலைவராக இருந்து, குடிநீருக்குத் தவித்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டு வந்தார். தெருக்குழாயடியில் நின்ற பெண்களின் துன்பத்தை நேரில் அறிந்த ஒருவர் மன்றத்தில் இருந்ததால் வந்த தண்ணீர் அது.

2022 மார்ச்சில் புதிய மாமன்றம் பொறுப்பேற்றது. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முதலாகக் கூட்டப்பட்டன. கிராம சபையைப் போலவே குடிமக்கள் நேரில் வந்து கேட்கலாம், சொல்லலாம். நம் பங்கு மக்களுள் எத்தனை பேர் அதற்குச் சென்றனர்? திருமண மண்டபத்துக்குச் செல்லும் ஆர்வத்தில் பாதி இருந்தாலும் போதும் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஊராட்சிகளிலோ நிலைமை தலைகீழாயிற்று. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிவடைய, நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றது. அன்று நகரத்துக்கு நேர்ந்தது பிறகு கிராமங்களுக்கு நேர்ந்தது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி மாவட்டமே வெள்ளக்காடானபோது, மின்சாரம் நின்றது. பல ஊர்களில் செல்பேசியும் ஊமையாயிற்று. வாட்சாப் வராத அந்த நாட்களில், எந்தத் தெருவில் தண்ணீர் இடுப்பளவு, எந்தப் பள்ளியில் தங்கலாம் என்பதை நடந்தும் நீந்தியும் சென்று சொன்னவர்கள் அந்தந்தத் தெருவின் இளைஞர்களே.

எனவே நம் இளைஞர் சங்கங்களுக்கும் வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும் ஒரு வேண்டுகோள். பங்கின் எல்லைக்குள் தனித்து வாழும் முதியவர்கள், கருவுற்ற தாய்மார்கள், நாள்தோறும் மருந்து உண்ண வேண்டிய நோயாளிகள் ஆகியோரின் பட்டியலைத் தெருவாரியாக எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி வையுங்கள். கோவில் அறிவிப்புப் பலகையில் வார்டு உறுப்பினரின் எண், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மருத்துவ உதவிக்குரிய 104 ஆகியவற்றை எழுதுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். கண் மங்கிய பாட்டிமாரும் படிக்கும்படி, பலகையைக் கொஞ்சம் தாழ்வாகவே மாட்டுங்கள்.