புது கிளட்ச் போட்டும் வண்டி இழுக்கவில்லையா? பழைய பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள்!

கேள்வி: "தக்காளி, கத்தரி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்வர பிக்-அப் வண்டி வைத்திருக்கிறேன். இழுவை குறைந்ததால் கிளட்ச் பிளேட் மாற்றினேன். 40 நாள்தான் ஆகிறது. சுமையோடு ஏற்றம் ஏறினால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது. தீய்ந்த வாடையும் வருகிறது. பட்டறையில் கேட்டால், 'நீங்க அரை கிளட்ச்சுல ஓட்டுறீங்க. இன்னொரு பிளேட் போட்டுடலாம்' என்கிறார்கள். அறுவடை நேரம். வாடகை வண்டிக்குக் கொடுத்து மாளவில்லை. மறுபடியும் செலவு செய்யலாமா?"

- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: செய்யலாம். ஆனால், முதல் பிளேட் ஏன் போனது என்று தெரிந்த பிறகுதான் செய்ய வேண்டும். ஒழுங்காகப் பொருத்திய கிளட்ச் பிளேட், அளவான சுமையில் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும். அது 40 நாளில் கைவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புது பிளேட் போட்டால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இறுகப் பிடிபட்டிருக்கிறது. அந்தப் பிடிதான் இன்ஜினின் சக்தியை கியர் பாக்ஸுக்குக் கடத்துகிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் நகர்ந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. இதில் பிளேட் ஓர் உறுப்பு மட்டுமே. கோளாறு மற்ற எதில் இருந்தாலும் அடிபடுவது பிளேட்தான்.

பட்டறைக்குப் போகும் முன் வீட்டிலேயே பாருங்கள்

'கிளட்ச் சரியில்லை' என்று மட்டும் சொன்னால், 'பிளேட் மாத்திடலாம்' என்ற பதில்தான் வரும். என்ன செய்தால் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு நான்கு சோதனைகள்.

1. நழுவுகிறதா? காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, கைப்பிரேக் போடுங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. டாப் கியர் போட்டு கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் நழுவுகிறது. உடனே பெடலை மிதித்துவிடுங்கள். ஒரு முறைக்கு மேல் செய்தால் பிளேட் கருகும்.

2. விடுபடுகிறதா? இன்ஜின் ஓடும்போது பெடலை முழுதாக மிதித்து, ஐந்து விநாடி கழித்து ரிவர்ஸ் போடுங்கள். 'கரகர' என்று பல் உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஹைட்ராலிக் கிளட்ச்சில் பெடலை மூன்று நான்கு முறை அடித்த பிறகு கியர் சுலபமாக விழுந்தால், குழாயில் காற்று இருக்கலாம் அல்லது சிலிண்டரில் கசிவு இருக்கலாம். இதற்குப் பெரும்பாலும் கியர் பாக்ஸை இறக்கத் தேவையில்லை.

3. சத்தம் எப்போது வருகிறது? பெடலை மிதிக்கும்போது சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, காலை எடுத்தால் திரும்ப வந்தால் கியர் பாக்ஸ் பேரிங் மீது சந்தேகம்.

4. உதறுகிறதா? முதல் கியரில் கிளம்பும்போது வண்டி உதறினால், ஃப்ளைவீல் முகம் மட்டமில்லாமல் இருக்கலாம், பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் போயிருக்கலாம்.

உங்கள் வண்டி உறுமுவதும் தீய்வதும் முதல் வகை. அதாவது, நழுவல்.

அவசர வேலையில் விட்டுப்போகிறவை

கிளட்ச் வேலையில் பெரிய கூலி கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான். அதனால் இறக்கிய நேரத்திலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பிளேட் விலையை மட்டும் பார்த்து மிச்சம் பிடித்தால், அதே கூலியை இரண்டாவது முறை கொடுக்க நேரும்.

* ஆயில் சீல்: இன்ஜின் பக்கமும் கியர் பாக்ஸ் பக்கமும் உள்ள சீல்களில் கசிவு இருந்தால் புது பிளேட்டும் நனைந்து நழுவும்.
* பிரஷர் பிளேட்: ஸ்பிரிங் தளர்ந்த பழையதையே திரும்பப் பூட்டினால் புது பிளேட்டை அது இறுகப் பிடிக்காது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுவதே நல்லது.
* ஃப்ளைவீல்: நீலம் பாய்ந்தோ, வரி விழுந்தோ, வெடிப்பு கண்டோ இருந்தால் அப்படியே விடக் கூடாது. கடையலாமா, மாற்ற வேண்டுமா என்பதை வண்டிக்கான அளவை வைத்து முடிவு செய்ய வேண்டும்.
* பெடலின் ஃப்ரீ ப்ளே: கேபிள் வண்டியில் பெடலின் மேல்பக்கம் சிறிது வெற்று அசைவு இருக்க வேண்டும். அதுவே இல்லாமல் இறுக்கிவிட்டால், பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். பிளேட் நழுவித் தேயும்.
* பொருத்தும் முறை: பிளேட்டைத் திருப்பிப் போட்டாலோ, மையம் பார்க்காமல் கியர் பாக்ஸின் பாரம் பிளேட்டில் தொங்கும்படி ஏற்றினாலோ கிளட்ச் சரியாக விடுபடாது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்காவிட்டால் கோணிக்கொள்ளும்.
* கிரீஸ்: பல்வரிசையில் அளவுக்கு மேல் பூசிய கிரீஸ், சுற்றும் வேகத்தில் பிளேட்டின் மேல் தெறிக்கும்.

தப்பு யாருடையது? பிளேட்டே சொல்லும்

நீங்கள் ஓட்டிய விதம் காரணமா, வேலை காரணமா என்று வாய்ச்சண்டை போட வேண்டாம். கியர் பாக்ஸை இறக்கும்போது பக்கத்தில் நின்று, கழற்றிய பிளேட்டைக் கையில் வாங்குங்கள்.

பிளேட்டின் கனம் இன்னும் மிச்சம் இருந்து, முகம் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் கசிவோ கிரீஸோதான் காரணம். அது ஓட்டியவர் தப்பு இல்லை. ஆணித்தலை தெரியும் அளவுக்குத் தேய்ந்து, ஃப்ளைவீலும் நீலம் பாய்ந்திருந்தால் பிளேட் சூட்டில் போயிருக்கிறது. அதற்கு அரை கிளட்ச்சும் அதிகச் சுமையும் காரணமாக இருக்கலாம். தளர்ந்த பிரஷர் பிளேட்டும், ஃப்ரீ ப்ளே இல்லாத பெடலும் காரணமாக இருக்கலாம். அதனால், பெடல் அசைவைக் கழற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பிரஷர் பிளேட் புதிதா, பழையதா என்பதை முதல் பில்லில் பாருங்கள். இவை இரண்டும் சரியாக இருந்தால், ஓட்டும் பழக்கத்தையும் ஏற்றும் சுமையையும் நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பேச்சும் பில்லும்

முதலில் அதே பட்டறைக்கே போங்கள். "அண்ணே, இந்தத் தேதியில வேலை பார்த்தோம், இத்தனை கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, சுமையோட ஏறினா நழுவுது. இறக்கிப் பார்த்துட்டு, காரணம் தெரிஞ்ச பிறகு பேசிக்கலாம்" என்று கேளுங்கள். பொருள் பழுதா, பொருத்தியது பழுதா என்று தெரிந்தால் செலவைப் பங்கிடுவதும் சுலபம். பல தகராறுகள் இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் வண்டியை வேறு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் கண்டதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். கழற்றும்போது படம் எடுங்கள். பழைய பிளேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இவையும் பில்லும் இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள்; இல்லையென்றால், 'வணிக வண்டி' என்று எதிர்த்தரப்பு வாதாடும். முன்னதாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

அடுத்த முறை வேலை கொடுக்கும்போது மாற்றிய ஒவ்வொரு பொருளின் பெயர், வண்டி ஓடிய கிலோமீட்டர், எத்தனை நாள் பொறுப்பு ஆகிய மூன்றும் பில்லில் இருக்கட்டும். புது கிளட்ச் போட்டதும் முதல் 500 கிலோமீட்டருக்குப் பாரம் குறைத்து ஓட்டுங்கள். ஏற்றத்தில் வண்டியை கிளட்ச்சால் நிறுத்தி வைக்காமல் கைப்பிரேக்கால் நிறுத்துங்கள். ஓடும்போது இடது கால் பெடலின் மேல் இருக்க வேண்டாம். அறுவடை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் செய்துவிடுங்கள். பட்டறையில் நிற்கும் நாளை நாம் தேர்ந்தெடுத்தால், வண்டியில் இருக்கும் தக்காளி அழுகாது.