ஆறு இஞ்ச் பீம் போதுமா?

தென்காசியிலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். தாத்தா கட்டிய வீடு, முன்னறையைக் கார் ஷெட் ஆக்கியிருக்காங்க. இப்போ கூரை நடுவுல தொங்குது, சாரல் நேரத்துல காரை உதிருது. "பட்டறை அண்ணாச்சி, ஆறு இஞ்ச் ஐ பீம் ஒண்ணு கொடுத்தா போதும்ங்கிறார். போதுமா?" மேலே மட்டப்பாவுல பாட்டி தினமும் வத்தல் காயப்போடுறாங்களாம், வெயில் வந்தா. அதனால பொறுமையா கணக்குப் பார்ப்போம்.

அது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையா வச்சு, மேலே சின்னச் செங்கலைச் சுண்ணாம்புல குத்தி நிறுத்தி, அதுக்கு மேல செங்கல் ஜல்லி, தட்டோடு. பார்க்க லேசு, சதுர மீட்டருக்கு 400 கிலோ பக்கம் வரும். ஆள் நடமாடுற மாடிக்கு 150 கிலோ சேர்க்கணும். மொத்தம் 550.

அவர் அறையில கட்டைகள் 3 மீட்டர் அகலத்தைத் தாண்டுது. அதுக்குக் குறுக்கா, நடுவுல வர்ற பீமோட நீளம் தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டர். பாதி எடைதான் பீமுக்கு வரும்னு தோணும். ஆனா முழுநீளக் கட்டை நடுவுல தாங்கப்படும்போது எட்டில் ஐந்து பங்கு அங்கேதான் இறங்கும். அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 1,030 கிலோ.

இந்த எடையில ஆறு இஞ்ச் பீம் 37 மில்லிமீட்டர் தொங்கும். விரிசல் விடக்கூடிய தளத்துக்கு ஐஎஸ் 800 அனுமதிக்கிறது நீளத்தில் 360-ல் ஒரு பங்கு, இங்கே 12.5. தொங்கல் மட்டுமில்ல, முழு எடை ஏறினா சாதாரண இரும்போட தாங்கும் எல்லையையே தாண்டிடும். எட்டு இஞ்ச் பீம் 12 மில்லிமீட்டர் சொச்சத்துல நிக்கும், மயிரிழைதான். உயரம் ரெண்டு இஞ்ச் கூடினா எடை மீட்டருக்கு 15 கிலோவிலிருந்து 25 ஆகுது. விறைப்போ மூணு மடங்கு. கட்டைகளோட ஆங்கிள் வச்சு போல்ட் போடணும், இல்லன்னா பீம் பக்கவாட்டுல புரளப் பார்க்கும்.

பீம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை. கட்டை சுவருக்குள்ள நுழையுற முனையை ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. குற்றாலச் சீசன் ஈரம் முதல்ல தங்குறது அங்கேதான். அது மக்கியிருந்தா நடு பீம் உதவாது. சுவரோரமாவும் தாங்கல் வேணும். மேலே ஒழுக்கை அடைக்காம கீழே இரும்பு ஏத்துறதும் வீண்.

அண்ணாச்சி கவனிக்காதது ஒண்ணு இருக்கு. இந்த பீமோட ஒரு முனை வந்து உட்காருற இடம், கார் நுழையுற ஷட்டருக்கு நேர் மேலே! ஒவ்வொரு முனையிலும் 2 டன்னுக்கு மேல இறங்கும். பழைய லிண்டல் அதுக்காகப் போட்டதில்ல. ஷட்டருக்கு மேல தனி பீம், ரெண்டு பக்கமும் தூண், அடியில அஸ்திவாரம்னு வேலை விரியும். இன்னொரு முனையிலும் சுண்ணாம்புச் சுவர் நொறுங்காம இருக்க கான்கிரீட் பெட் பிளாக் வேணும். அந்த வரைபடத்துக்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேர்ல வந்தே ஆகணும்.

ஜாக்கி வச்சுத் தொங்கலை ஒரேயடியா நிமிர்த்தச் சொன்னா ஒத்துக்காதீங்க, செங்கல் பிணைப்பு விட்டுப்போகும். இருக்கிற நிலையிலேயே முட்டுக் கொடுத்து, இடைவெளியில இரும்புத் தகடு இறுக்கினா போதும்.

முட்டு இன்னிக்கே கொடுத்துடுங்க. கார் தெருவுல நிக்கட்டும். வத்தல், முத்தத்துல காயட்டும்.