எருமைக்குத் தண்ணீர், புறாவுக்குச் சோறு

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுடன் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போயிருந்தேன். பூக்கடை அருகே யாரோ கொட்டிவிட்டுப் போன சோற்றைச் சுற்றி ஏகப்பட்ட புறாக்கள். அம்மாவின் கண் சாலைப் பலகையில் இருந்தது. "பஃபலோ ரோடா? இங்க ஏதுப்பா எருமை?"

இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் இது சதுப்பு நிலம். சுற்றிலும் புல், பக்கத்தில் ரோச்சோர் ஆறு. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு; வெயில் ஏறினால் சேற்றிலோ தண்ணீரிலோ கிடந்துதான் உடல் சூட்டைத் தணிக்கும். புல்லும் நீரும் கிடைத்த இடத்தில் வணிகர்கள் பட்டி போட்டார்கள். மாடுகளைப் பார்த்துக்கொள்ள நம்மவர்கள் வந்தார்கள், பின்னாலேயே கடைகளும் வந்தன. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாயில் எருமைப் பட்டி. நம்மில் பலர் பிறந்த கேகே மருத்துவமனையின் இரண்டு 'கே'யும் அதுதான். லிட்டில் இந்தியா இங்கே அமைந்ததில் பாதிப் பெருமை எருமையின் தாகத்துக்குச் சேரும் என்பேன்.

எருமைகள் போய்விட்டன. இப்போது புறாக்களின் காலம். உணவு தாராளமாகக் கிடைத்தால் புறா ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்கும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1988ல் தொடங்கி, 'உணவு போடாதீர்கள்' என்று மக்களிடம் விடாமல் எடுத்துச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் புறாக்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. இங்கே வனவிலங்குச் சட்டப்படி, முதன்முறை உணவு போட்டுப் பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம். காகமும் அதில் அடக்கம்.

எங்கள் வீட்டுச் சிக்கலே அந்தக் காகம்தான். காக்கைக்கு வைக்காமல் அம்மா சாப்பிடமாட்டார். வந்த முதல் வாரம் சமையலறை ஜன்னலில் ஒரு காகம். மூன்றாம் வாரம் பன்னிரண்டு மணிக்கு முன்பே காகங்களும் புறாக்களும் வரிசையில். கீழ்வீட்டு அக்கா எச்சம் படிந்த போர்வையுடன் வந்து கதவைத் தட்டினார்.

"பசிக்கு ஒரு பிடி சோறு போடறது குத்தமா?" என்றார் அம்மா. அபராதத் தொகையைச் சொன்னேன், மசியவில்லை. அந்தப் போர்வைதான் அவரை மாற்றியது.

நிறுத்திய பிறகும் நான்கு நாள் பறவைகள் அதே நேரத்துக்கு வந்து, துணி காயும் கழியில் காத்திருந்தன. ஐந்தாம் நாள் ஒரு காகம் மட்டும். பிறகு அதுவும் வரவில்லை. அம்மா மட்டும் இன்னமும் பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் பக்கம் போய் நிற்கிறார்.