லாலான் மூடுமுன் ஒரு சைக்கிள் பயணம்

ஈப்போ–பத்து காஜா சாலையில் சைக்கிள் ஓட்ட யாருக்கும் அச்சம்தான். சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினாலோ கார் இரைச்சல் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல மறைந்துவிட்டன. நம் பாட்டன் பாட்டி விடியுமுன் பால்வாளியோடு நடந்த செம்மண் பாதைகள் அங்கங்கே மிச்சமிருக்கின்றன.

கெல்லி மாளிகைப் பக்கம் போய்ப் பாருங்கள். ரப்பர் தோட்டத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கியது அது. 1918-இல் பரவிய விஷக்காய்ச்சலில் தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்டனர். அவர்களுக்காக அருகில் மாரியம்மன் கோயில் எழுந்தது. கோயில் கூரையில் துரையின் உருவமும் உண்டு. 1926-இல் துரை லிஸ்பனில் இறந்தார். மாளிகை அரைகுறையாக நின்றது, கோயில் நிலைத்தது.

தோட்டம் தனியார் நிலம்; அனுமதி கேட்டே நுழையுங்கள். தடித்த டயர், தண்ணீர், ஒரு துணை அவசியம். மாலை மழைக்கு முன் திரும்பிவிடுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள், வாசகர்களே! ஆள் நடமாட்டம் நின்றால் லாலான் புல் பாதையை மூடிவிடும். நம் கதையையும் சேர்த்துத்தான்.